புகாரே வராத டிரைவர்

என் நாத்தனாருக்கு மூக்கு நுனியில் கோபம். நான் இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து பார்க்கிறேன், எடுத்த காரியத்தை விட்ட சரித்திரம் அவளுக்குக் கிடையாது. வார நாட்களில் குடிநீர் அலுவலகத்தில் வேலை. சனி, ஞாயிறானால் சாப்பாட்டு மேஜையில் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு கணினியோடு மல்லுக்கட்டுவாள். அந்த மூலையில் ஒரு தட்டு வைக்கக்கூட எனக்கு அனுமதி இல்லை.

மல்லுக்கட்டு ஒரு வரைபட புரோகிராமோடு. எண்களைக் கொடுத்தால் கோடாக வரைந்து தரும். யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கும் ஏழு பேர் அதைக் கட்டிக்காக்கிறார்கள். கோட்டைத் திரைக்குக் கொண்டு போக டிரைவர் என்று ஒரு குட்டி புரோகிராம், பிரிண்டருக்குக் கொண்டு போக இன்னொரு டிரைவர். இவள் பொறுப்பு பேனா மெஷின் டிரைவர். பெரிய தாளில் நிஜப் பேனாவால் வரைகிற மெஷின் அது. இவள் அலுவலகத்தில் தொட்டிகளின் நீர்மட்டத்தை இன்றைக்கும் அதுதான் வரைகிறது. ஆனால் அந்த டிரைவர் தனியாக ஓடாது, லைப்ரரி என்று வேறொருவர் எழுதிய துணை புரோகிராம் கூடவே வேண்டும். அந்த மனிதரிடமிருந்தோ நாலு வருஷமாகப் பேச்சுமூச்சு இல்லை.

ஒரு சனிக்கிழமை காலை, கணினி வழியாக நடந்த கூட்டத்தில் குழுத் தலைவர் குண்டைத் தூக்கிப் போட்டார். எதையாவது வெட்டிக்கொண்டே இருப்பதால் வீட்டில் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கத்தரிக்கோல்.

"லைப்ரரிக்கு ஆள் இல்ல. டிரைவரைப் பத்தி ஆறு வருஷமா ஒரு புகாரும் வரல. யாரும் உபயோகிக்கலன்னுதானே அர்த்தம்? அடுத்த வெளியீட்டுல எடுத்துடலாம்."

"புகார் வரலன்னா ஒழுங்கா ஓடுதுன்னு அர்த்தம் சார்," என்றாள் இவள்.

"அப்போ உபயோகிக்கிற ஒரு ஆளைக் காட்டுங்க. உங்க ஆபீஸ் சேர்த்தி இல்ல. லைப்ரரிக்கும் ஒரு ஆளைக் காட்டுங்க."

"காட்டறேன். முதல்ல சோதனை வெளியீட்டுல டிரைவரை நானே எடுத்துடறேன், வேணுங்கிறவங்க கத்தட்டும். பதினாலு நாள் டைம் கொடுங்க."

பதினொரு வருஷ உழைப்பை அன்றைக்கே தன் கையாலேயே பிடுங்கி வைத்தாள். வேண்டும் என்றால் எழுதுங்கள் என்று அறிவிப்பும் போட்டாள். யாரும் எழுதாவிட்டால் அதோடு சரி.

ஒன்பது நாள் ஈ, காக்கை கூட எட்டிப் பார்க்கவில்லை. "விட்டுத் தொலையேன்டி. யாருக்கு வேணும் அது?" என்றார் அவள் அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர்.

"எனக்கு வேணும் அண்ணா. போதாதா?" என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இவர்மேல் எரிச்சலாக வந்தது.

பத்தாம் நாள், செவ்வாய்க்கிழமை சாயங்காலம், ஒரே ஒரு கடிதம் வந்தது. "அண்ணி, இங்க வாங்களேன்" என்று கூப்பிட்ட குரலே சரியில்லை. எழுதியிருந்தவர் அந்த லைப்ரரிக்காரர். தன் பட்டறையில் ஒரு பேனா மெஷின் இருக்கிறதாம். சோதனை வெளியீட்டைப் போட்டுப் பார்த்தால் டிரைவரைக் காணோமாம். தன் லைப்ரரியைப் பற்றி வருஷக்கணக்காக ஒரு புகாரும் வரவில்லை, தன் மெஷினிலும் பழுது வரவில்லை, தன்னைத் தவிர யாருக்கும் அது தேவையில்லை என்று நினைத்துத்தான் கைவிட்டாராம்.

"நல்லதுதானே? ஒரு ஆள் கிடைச்சாச்சே," என்றேன்.

"பழுது வராமலா இருந்துச்சு? அறுபத்தேழு வந்துச்சு அண்ணி. அவர் லைப்ரரியோட பிரதி ஒண்ணு நம்ம புரோகிராமுக்குள்ளயே இருக்கு, அத்தனையும் அதுலயே சத்தமில்லாம சரி பண்ணிட்டேன். அவர்கிட்ட போய் எதுக்கு நிக்கணும்னு திமிரு. அவர் மெஷினும் என் பிரதியிலதான் ஓடிருக்கு. அந்த மனுஷனை விரட்டினதே நான்தான்."

அவள் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதுவும் ஐந்து நிமிஷம். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். மறுநாளிலிருந்து மூன்று நாள் லீவு. பழைய பழுதுகளை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்து, என்ன கோளாறு, எப்படித் தீர்த்தேன் என்று விவரமாக எழுதி, அவருடைய மூல லைப்ரரியிலும் சரி செய்யச் சொல்லி முறையான புகாராக அவருக்கு அனுப்பிக்கொண்டே இருந்தாள்.

சனிக்கிழமை கூட்டத்தில் லைப்ரரிக்காரரும் வந்து உட்கார்ந்தார். உபயோகிக்கிற ஆளும் நான்தான், லைப்ரரியை மறுபடி பார்த்துக்கொள்ளப் போகிறவனும் நான்தான் என்றார். கத்தரிக்கோல் விடுவதாக இல்லை.

"உங்க லைப்ரரி மேலதான் ஒரு புகாரும் கிடையாதே. நீங்க பார்த்துக்க அதுல என்ன இருக்கு?"

என் நாத்தனார் மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"போன வாரம் வரைக்கும் கிடையாது. இப்போ அறுபத்தேழு இருக்கு. எல்லாம் நான் போட்டது. இனிமே எதை எடுக்கறதா இருந்தாலும் எங்க ரெண்டு பேரையும் கேட்டுட்டு எடுங்க சார்."