பத்தியில் இல்லாத கேள்வி

நான் ஆங்கிலம் வாசிக்கக் கற்றது பனியன் கம்பெனி கேன்டீனில். செக்கிங் மேசையில் பிசிறு வெட்டும் எங்களில் பன்னிரண்டு பெண்களைப் பொறுக்கியெடுத்து, மதியச் சாப்பாடு முடிந்ததும் அரைமணி நேரம் வகுப்பு வைத்தார்கள். கம்பெனிக்கு எங்கள் அறிவின் மேல் அப்படியொரு அக்கறை என்று நம்பினேன். அவ்வளவு ஏமாளி நான்.

தினம் ஒரு சின்னப் பத்தி. ஆக்டோபஸுக்கு மூன்று இதயம், ஜப்பானியர் தேநீர் பரிமாறும் முறை, நிலவில் காற்று இல்லாதது. கீழே ஐந்து கேள்விகள். வகுப்பெடுத்த பெண்ணுக்கு ஒரே ஒரு விதிதான். "அக்கா, பத்தியில இருக்கறத மட்டும் எழுதுங்க. உங்களுக்குத் தெரிஞ்சது வேண்டாங்க."

ஊத்துக்குளியிலிருந்து ரயிலில் வரும் அக்கா ஒருவர் அதில்தான் மாட்டிக்கொண்டார். அன்று வெண்ணெய் பற்றிய பத்தி. அதில் இயந்திரம் கடைந்தது. அவரோ, தன் வீட்டில் தயிர் கடைவதையும் வெண்ணெய் திரளும் பதத்தையும் தெரிந்த ஆங்கிலத்தில் அரைப்பக்கம் எழுதியிருந்தார். தப்பு என்று சிவப்பு மையில் அடித்திருந்தது.

"ஏனுங்க, நான் எழுதுனது பொய்யுங்களா?"

"பொய் இல்லீங்க அக்கா. பத்தியில இல்லீங்க."

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். எனக்குப் பத்துக்குப் பத்து.

என் மகளுக்கு அப்போது மூன்று வயது. அவிநாசிபாளையத்தில் எங்கள் லைன் வீடு ரோட்டை ஒட்டியது, லாரிகள் ஓயாமல் ஓடும். அவளைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் தையல் வேலை. அதனால் பழஞ்சேலையை மகளின் இடுப்பில் சுற்றிக் கட்டில் காலோடு கட்டிவைப்பார். வேறு வழியில்லாத எனக்குக் குறை சொல்ல வாயில்லை. கம்பெனியிலும் குழந்தைகள் காப்பகம் என்று ஓர் அறை இருந்தது, சுவரில் யானைப் படத்தோடு. உள்ளே அட்டைப்பெட்டிகள், கதவில் பூட்டு.

ஒரு வாரம் 'எங்கள் தொழிற்சாலை' என்று பத்தி கொடுத்தார்கள். தரைத்தளத்தில் காப்பகம் உண்டு, பொம்மைகள் உண்டு என்று அதில் இருந்தது. மறுவாரம், தொழிலாளர்களுக்கு என்னென்ன வசதி இருக்கிறது என்று சரிபார்க்க வெளிநாட்டிலிருந்து ஒரு பெண் ஆடிட்டர் வந்தார். ஊத்துக்குளி அக்காவுக்கு மட்டும் அன்று கேட்காமலே லீவு கொடுத்தார்கள். காலையில் வேன் அனுப்பி எங்கள் பிள்ளைகளை அழைத்துவந்து, பெட்டிகளைக் காலி செய்த அறையில் உட்காரவைத்தார்கள். என் மகள் ஒரு பிளாஸ்டிக் யானையைக் கையைவிட்டு இறக்கவே இல்லை.

ஆடிட்டர் என்னைத் தனியறையில் வைத்து ஆங்கிலத்தில் கேட்டார். காப்பகம் இருக்கிறதா, எங்கே, பொம்மைகள் உண்டா. வரி மாறாமல் சொன்னேன். அந்த அம்மாள் பேனாவை மூடிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"உங்கள் குழந்தை தினமும் இங்கே வருகிறதா?"

அது பத்தியில் இல்லாத கேள்வி. பதில் எனக்குத் தெரியும், அதைச் சொல்லும் அளவுக்கு ஆங்கிலமும் தெரியும். இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஆமாம் என்றேன். வேலை போய்விடும் என்ற பயம் பாதி. மீதி, அவர்கள் எதிர்பார்க்கும் விடையைச் சொல்லிப் பாராட்டு வாங்கிய பழக்கம். பயத்தை மன்னித்துவிட்டேன். அந்தப் பழக்கத்தை நினைத்தால் இன்றும் என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

மறுநாள் காலை மகள் தானே சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "வேன் எப்பம்மா வரும்?"

"வராது கண்ணு."

பக்கத்து வீட்டுப் பெண் அதற்குள் மிஷினில் உட்கார்ந்துவிட்டிருந்தார். சேலையை நானே எடுத்தேன். கட்டுவதற்கு வாகாக என் மகள் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டாள்.