என் வீட்டு மாடித் தொட்டி

ஸ்லைடு பாசிட்டிவ் என்று லேபிலிருந்து போன் வந்தபோது, நான் குடிகாடு என்ற ஊரில் ஒரு வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரத்தம் என் மகளுடையது. மலேரியா.

கொசு ஒழிப்புப் பணியில் நான் மேற்பார்வையாளன். யாருக்குக் காய்ச்சல் என்றாலும் விரலில் குத்தி ஸ்லைடு எடுப்பேன். மகளுக்கு மட்டும் வைரல் காய்ச்சல் என்று நானே முடிவு செய்து, நான்கு நாள் மாத்திரை கொடுத்தேன். அன்று காலை வீட்டுக்கு வந்த சேகர்தான் சண்டை போட்டு ஸ்லைடு எடுத்தான். என்னோடு வேலை பார்ப்பவன், என்னை மாமா என்பான்.

"ஒரு நாள் வுட்டு ஒரு நாள் குளுருதுன்றா. ஊருக்கெல்லாம் குத்துற, ஒம் பொண்ணுன்னா கை நடுங்குதா மாமா?"

நான் வீடு சேர்வதற்குள் அவன் எங்கள் மாடியில் நின்றான்.

"மூடி ஒடைஞ்சி கெடக்கு. வந்து பாரு."

டெங்குக் கொசுவின் புழு தண்ணீரில் தலைகீழாகத் தொங்கும். மலேரியாக் கொசுவின் புழு நீர்மட்டத்தோடு படுத்துக் கிடக்கும். எங்கள் தொட்டியில் எல்லாம் படுத்துக் கிடந்தன.

வாரம் ஒரு முறை ஒவ்வொரு வீட்டுத் தொட்டியையும் பார்த்துவிட்டு, சுவரில் சாக்பீஸால் தேதி எழுத வேண்டும். எங்கள் தெருவும் என் பொறுப்பில்தான் இருந்தது. என் வீட்டில் மட்டும், செருப்பைக் கழற்றும்போதே தேதியைப் போட்டுவிடுவேன். மேலே ஏறியதில்லை.

இந்தக் கொசு பொழுது சாய்ந்தபின் கடிப்பது. அந்த நேரத்துக்குக் கீழே ஜன்னலையெல்லாம் நானே சாத்திவிடுவேன். மகள் காற்றுக்காக மாடியில் உட்கார்ந்து படிப்பாள்.

கீழே இறங்கி வந்தேன். மகள் இரண்டு போர்வைக்குள் பல் கிட்டிக்க நடுங்கிக்கொண்டிருந்தாள். "அந்தத் தொட்டிகிட்டயா ஒக்காருவ?" என்று கத்தினேன்.

"நீதான் வாரா வாரம் தேதி போட்டிருக்கியேப்பா" என்றாள்.

குத்திக்காட்டவில்லை. நம்பித்தான் சொன்னாள்.

பதினான்கு நாள் மாத்திரை முடிந்தது. மறுபடி எடுத்த ஸ்லைடில் ஒன்றுமில்லை. ஆனாலும் அவள் தூங்கும்போது நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சொந்த வீட்டை உங்கள் பொறுப்பில் வைத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் தெருவை நான் சேகரிடம் கொடுத்துவிட்டேன். போன வாரம் வந்தவன் மாடியிலிருந்து இறங்கி, தொட்டியைச் சரியாக மூடாத வீட்டுக்காரர்களுக்குக் கொடுக்கும் நோட்டீஸை என்னிடம் நீட்டினான்.

"புது மூடி சரியா ஒக்காரல, விரல் போற சந்து இருக்கு. வூட்டுக்காரரு யாருன்னுலாம் நான் பாக்க மாட்டன் மாமா."

கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.