பெரட்டில் வராத பெயர்

கடற்படைக் கப்பல்கள் நிற்கும் இடத்தைக் காட்டும் மென்பொருளில் பாதியை எழுதும் வேலையை, மலேசியாவின் ஈப்போவிலிருந்த எங்கள் அலுவலகம் ஒரு வெளிநாட்டு நிறுவனத்திடம் கொடுத்திருந்தது. கொடுத்தவன் நான். கடற்படைக்காகச் சரிபார்க்க வந்த பெண், செமோர் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோரின் மகள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, எழுதியவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். அந்த ஆள் வீடியோவில் முகம் காட்ட வேண்டும். தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிட்டு ஆள் பார்க்கும் பெரட்டேதான்.

ஒரு பெயருக்கு யாரும் வரவில்லை. அந்த நிறுவனம் வேலையை வேறெங்கோ கைமாற்றியிருந்தது.

“நல்லாத்தானேம்மா ஓடுது?” என்றேன்.

“ஓடுது லா, அண்ணே. நம்ம கப்பல் எங்க நிக்குதுன்னு அவனுக்குத் தெரியும். அவன் யாருன்னு நமக்குத் தெரியலையே.”

ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போடாமல் எழுந்துபோனார். இன்றும் எந்தத் தாளில் என் பெயரை எழுதினாலும், அவர் கூப்பிட்டதுபோல் நிமிர்ந்து பார்க்கிறேன்.