நீர்யானைக்குப் போட்ட சரிவு

சைதாப்பேட்டையில் எங்கள் கொத்தனார் செட்டில் பூச்சுக் கரணை பிடித்த பொம்பளை நான் ஒருத்திதான். மற்றவர்கள் சட்டி தூக்குவார்கள். தரைப் பூச்சென்றால் மேஸ்திரி என்னைத்தான் கூப்பிடுவார். மயிலாப்பூர், தி.நகர் வீடுகளில் நான் இழைத்த தரையில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன், இருக்கட்டும்.

ஏழெட்டு வருஷம் முன்னால் மிருகக்காட்சிசாலையில் நீர்யானைக்குப் புதுக் குளம் கட்டப் போனோம். பழைய தொட்டியில் படிக்கட்டு. அங்கிருந்த பெண் நீர்யானைக்கு வயசாகி, படி ஏற முட்டி மடங்கவில்லை. அதனால் தொட்டியை இடித்துவிட்டு, குளத்துக்குள் சரிவாகத் தரை இறக்கச் சொன்னார்கள். அந்தச் சரிவு என் கைக்கு வந்தது. சிமெண்ட் பால் ஊற்றி, நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்து இழைத்தேன். கண்ணாடிதான்.

தண்ணீர் நிரப்பிக் கதவைத் திறந்தார்கள். அவள் முன்னங்காலை வைத்தாள், வழுக்கியது. பின்வாங்கி நின்றவள்தான், பூசணிக்காய் காட்டியும் இறங்கவில்லை. வெயிலில் தோல் வெடித்துவிடும் என்று தீனி போடுகிறவர் குழாயால் தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தார்.

"இன்னாம்மா, சறுக்குமரமா போட்டு வச்சிக்கீற?" என்றார் என்னிடம்.

மேஸ்திரியும், "பொம்பள கையில கரணை குட்த்தா இப்டித்தான்" என்றார்.

"நேத்து இதுல பாத்துத் தல சீவிக்கினது யாரு மேஸ்திரி?" என்றேன்.

சாயங்காலம் ரயிலிறங்கி நடக்கையில், ஒரு வீட்டு வாசலில் ஸ்கூட்டர் ஏற்றும் சரிவு கண்ணில் பட்டது. ஈரச் சிமெண்டில் கயிறு அழுத்திக் கோடு போட்டிருந்தது. நான் போட்டதேதான். வண்டிக்குப் பார்த்தவள் அந்த வாயில்லா ஜீவனுக்குப் பார்க்கவில்லையே.

மறுநாள் தண்ணீரை இறைத்துவிட்டு, என் கண்ணாடியை நானே உளி வைத்துக் கொத்தினேன். மேலே புதிதாகப் பூசி, தடித்த தேங்காய்நார்க் கயிற்றைக் குறுக்கே குறுக்கே வைத்து அழுத்தி எடுத்தேன். பூச்சு இறுகும்வரை அவள் முதுகுக்கு ஈரச் சாக்கு.

மறுபடி கதவு திறந்தது. ஒரு காலை வைத்தாள், அழுத்திப் பார்த்தாள். அடுத்த கால். கோயில் குளத்தில் இறங்கும் பெரிய மனுஷி மாதிரி, அவசரமே இல்லாமல் கழுத்துவரை இறங்கி ஒரு உதறு உதறினாள். மேஸ்திரி தொப்பலாக நனைந்தார்.

"இப்ப சீவிக்க மேஸ்திரி, தல நல்லா படியும்" என்றார் தீனி போடுகிறவர்.

அவள் ஏறி வருவதைப் பார்க்காமல் நான் கிளம்பவில்லை. சாயங்காலம் ஏறி வந்தாள். நடுவில் ஒருதரம் நின்றாள். நின்றால் என்ன, நானும்தான் இப்போதெல்லாம் ஸ்டேஷன் படி ஏறுகையில் நடுவில் நிற்கிறேன்.