சோறு வேகாத அடுப்பு

டாக்டரிடம் நான் பொய் சொன்னேன். என் மனைவி அஞ்சலை மூச்சுக்குத் திணறிக்கொண்டு கிடந்த கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றே சொன்னேன். இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

நான் படம் வரைபவன். படிப்பு நாலாம் வகுப்போடு சரி. செம்மண் நிறம் பூசிய துணியில், வெள்ளைக் கோட்டால், கிராமத்துப் பெண்கள் சமைக்கிற படங்கள். தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூரில் புதிதாக முளைத்த ஆபீஸ்களின் வரவேற்பறைகளுக்கு அவற்றை வாங்கினார்கள்.

“அம்மி, உரலு எல்லாம் போதும்பா. அடுப்பு ஊதுற பொம்பளை போடு. புகை நெஜமா இருக்கணும்” என்றார் என் படங்களை வாங்கி விற்கிற கடைக்காரர்.

புகை எனக்கு வரவில்லை. ஜீவனஹள்ளியில் எங்கள் ஒற்றை அறையின் மூலையில் மண்ணடுப்பு ஒன்று போட்டேன். சமைப்பதற்கு அல்ல... பார்த்து வரைவதற்கு! சமையல் எப்போதும்போல் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில்தான்.

“யோவ், ஊர்ல புகை ஒத்துக்காமத்தான் பெங்களூரு மாப்பிள்ளைன்னு உன்னைக் கட்டிக்கிட்டேன். இங்கயும் ஊதச் சொல்றியே!” என்று சிரித்தாள் அஞ்சலை. சிரித்துக்கொண்டே ஊதினாள்.

ஈர விறகாகப் பார்த்து வைத்தேன். காற்றில் புகை கலைகிறதென்று ஜன்னலையும் சாத்தினேன். “இன்னொரு தரம்... கன்னம் உப்பட்டும்...” எத்தனை படங்கள்! ஒரு மழைக்காலம் முழுக்க இருமினாள். கண்ணில் நீர் வழிந்தது. அந்த நீரை விட்டுவிட்டு, உதட்டோரம் ஒரு சிரிப்பை வரைந்தேன்.

ஒரு நாள் காலையில் அவளால் எழ முடியவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

“வீட்ல விறகடுப்பா?” டாக்டர் கேட்டார்.

“இல்ல சார்... ஸ்டவ்தான்.”

வெட்கம். படத்துக்காகப் பெண்டாட்டியைப் புகையில் உட்கார வைத்தேன் என்று அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? அஞ்சலை என்னைப் பார்த்தாள். மூச்சை இழுத்துப் பிடித்து, “ஆமா சார், ஸ்டவ்தான்” என்றாள்.

நான்காம் நாள் போய்விட்டாள். உண்மையைச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாளா? தெரியாது... அதைக் கேட்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

சென்ற மாதம் ஓர் ஆபீஸுக்குப் பழைய படங்களின் மரச்சட்டம் மாற்றப் போனேன். அங்கே அவள் படம். வேலை செய்கிற பெண் ஒருத்தி நின்று பார்த்து, “எவ்ளோ சந்தோஷமா சமைக்கிறாங்க, இல்லண்ணா?” என்றாள்.

நான் தலையாட்டினேன்... மறுபடியும் ஒரு பொய்!

அடுப்பு இன்னும் மூலையிலேயே இருக்கிறது. இடிக்கக் கை வரவில்லை. அதில் ஒரு நாளும் ஒரு பருக்கைச் சோறு வேகவில்லை.