ஓரகத்தி வாங்கிய பங்கு

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலை என்பதால் அவளுக்கு ஊசிக்காரி என்று பேர். கையில் வலிக்காமல் குத்துவாள், பேச்சில்தான் வலிக்கும். கணவன் கட்டடங்களுக்கு வயரிங் செய்பவன். அவன் தம்பி குடும்பம் மாடி வீட்டில் இருந்தது. தம்பி மனைவி, அதாவது இவளுடைய ஓரகத்தி, சின்னதாக ஒரு அழகு நிலையம் நடத்தினாள்.

ஒரு நாள் படியில் நின்று ஓரகத்தி சொன்னாள்: "அக்கா, ஒரு பேட்டரி கம்பெனி பங்கு வாங்கினேன். ரெண்டு மடங்காயிடுச்சு!"

"அப்படியா, சந்தோஷம்மா." வாய் சிரித்தது, வயிறு எரிந்தது.

அடுத்த மாதம் மாடிக்குப் புது சோபா போனது. படித் திருப்பத்தில் அது மாட்டிக்கொள்ள, ஊசிக்காரியின் கணவன் ஓடிப்போய்த் தோள் கொடுத்தான். அதற்கும் அவனுக்குத் திட்டு விழுந்தது.

"முகத்துக்கு கிரீம் தடவுறவளுக்குப் பங்குச் சந்தையைப் பத்தி என்ன தெரியும்?"

"உனக்கு என்ன தெரியும்?" என்றான் அவன்.

மறுநாளே வங்கி வைப்புத் தொகையை உடைத்து, மொத்தத்தையும் அதே பேட்டரி கம்பெனியில் போட்டாள். பிறகுதான் அவனிடம் சொன்னாள்.

"அவசரத்துக்குன்னு வச்ச பணம்டி அது!"

"நமக்கு என்ன பெரிய அவசரம் வந்துடப்போகுது?"

முதலில் பங்கு ஏறத்தான் செய்தது. அப்போதும் அவளுக்கு நிம்மதி இல்லை. ஓரகத்தி குறைந்த விலைக்கு வாங்கியவள், அவளுக்கு லாபம் இன்னும் அதிகம் என்ற நினைப்பே அரித்தது. ஒரு பெரியவருக்கு ரத்தம் எடுக்கும்போது போனை எட்டிப் பார்த்து, நரம்பைத் தவறவிட்டு இரண்டு தடவை குத்தினாள். "என்னம்மா, சல்லடையா என் கை?" என்றார் அவர்.

பிறகு பங்கு சரிந்தது. வாரா வாரம் சரிந்தது. ஏறும்வரை பொறுக்கலாம் என்றிருந்தபோது, கணவன் வேலையிடத்தில் ஏணியிலிருந்து விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்டான். உடனே அறுவை சிகிச்சை செய்து தகடு வைக்க வேண்டும் என்றார்கள். கையில் வேறு பணம் இல்லை. போட்டதில் பாதிகூடத் தேறாத விலைக்கு எல்லாவற்றையும் விற்றாள்.

ஆஸ்பத்திரிக்குச் சாப்பாட்டு டப்பாவோடு ஓரகத்தி வந்தாள். ஊசிக்காரியால் அடக்க முடியவில்லை.

"உனக்கும் நஷ்டம்தானே?"

"ஆமாக்கா. ஆனா எங்க சேமிப்புல பத்துல ஒரு பாகம்தான் அதுல போட்டேன். போனா போகட்டும்னு போட்டது. மீதி பாங்குலயும், பல கம்பெனிகளுக்குப் பிரிச்சுப் போடுற ஃபண்டுலயும் இருக்கு. அதனால பதறாம வச்சிருக்கேன்."

"அப்போ அந்த சோபா?"

"அது கடை வருமானத்துல வாங்கினதுக்கா."

"இதையெல்லாம் ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலையே. லாபம்னு சொன்னதுமே உங்க முகம் மாறிடுச்சு. நான் பேச்சை நிறுத்திட்டேன்."

அந்தப் பங்கு அடுத்த வருஷம் மெல்ல ஏறி மீண்டது. ஓரகத்தி லாபத்தோடு விற்றாள். விலை இரண்டு பேருக்கும் ஒன்றாகத்தான் விழுந்தது. அவளால் காத்திருக்க முடிந்தது, இவளால் முடியவில்லை. அதுதான் ஊசிக்காரியைப் போட்டு வதைத்தது.

கணவன் நடக்கத் தொடங்கியதும், முதலில் ஆறு மாதச் செலவுக்கான பணத்தை வங்கியில் சேர்த்தாள். அதற்குப் பிறகுதான் மாதா மாதம் கொஞ்சமாக ஃபண்டில் போட ஆரம்பித்தாள். பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. மாடியில் எது புதிதாக வந்தாலும் காது நீளும். ஆனால் இப்போது நேராகப் போய்க் கேட்டுவிடுவாள்: "எதுல போட்டே? மொத்தத்துல எவ்வளவு? போச்சுன்னா தாங்குவியா?"

போன மாதம் ஓரகத்தி கார் வாங்கினாள். ஊசிக்காரி எல்லாம் விசாரித்தாள், சுற்றி வந்து கதவைத் திறந்து பார்த்தாள், கலர் சரியில்லை என்று சொன்னாள். பொறாமைப்பட்டுக்கொண்டே வேலைக்குப் போனாள். வங்கிப் பணத்தைத் தொடவில்லை.