என் குரலைத் தின்ற இன்ஜின்

எங்கள் காருக்கு என்னைவிடச் சத்தம் அதிகம். பேசிப் பிழைக்கிறவளுக்கு அதைவிடப் பெரிய தொல்லை வேறு இருக்க முடியாது.

எழுபதுகளின் கடைசியில் நான் உத்திரமேரூரிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் மைக்கில் அறிவிப்புச் சொல்லிக்கொண்டிருந்தேன். காரின் கூரைமேல் முன்னும் பின்னும் குழாய் ஸ்பீக்கர், பின் சீட்டில் ஆம்ப்ளிஃபயர், முன் சீட்டில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நான், ஸ்டியரிங்கில் என் வீட்டுக்காரர். துணிக்கடைத் தள்ளுபடி, கண் சிகிச்சை முகாம், கொட்டகையில் படம் மாறிய சேதி, காணாமல் போன எருமை, எல்லாம் என் வாய் வழியாகத்தான் போகும்.

எனக்கு அந்தக் குரல் வந்தது எங்கள் வேதக்கோயிலில். எங்கள் தெருவின் சின்ன சர்ச்சில் மைக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் வேதபாடம் வாசிக்கிறவள் நான். கடைசியில் பாயோரம் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கும் கேட்க வேண்டும் என்று, ஒவ்வொரு சொல்லையும் விழுங்காமல் முழுசாகச் சொல்லப் பழகியிருந்தேன். அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போனவர்கள். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். பண்ணையார் ஒருவரின் மாட்டுக்கொட்டகையில் வைக்கோலுக்கு நடுவே மூக்கை நீட்டிக்கொண்டு கிடந்த பழைய காரை அவர்தான் கேட்டு வாங்கி, ஓட வைத்தார்.

"ஊர்ல அத்தினி பேரும் ஆம்பளைங்கதான் மைக்குல கத்தறாங்க. நீ பேசினா நின்னு கேப்பாங்க மே" என்றார். அவர் சொன்னது சரிதான். நின்று பார்த்தார்கள். கேட்கத்தான் முடியவில்லை.

வண்டி தெருவுக்குள் நுழைந்து மெதுவாக ஊர ஆரம்பித்ததும் இன்ஜினின் வயிற்றுக்குள்ளிருந்து 'டொக்கு டொக்கு' என்று ஒரு அடி விழும். அதற்குமேல் தையல் மிஷின் போல ஒரு 'டிக்கு டிக்கு'. இரண்டும் சேர்ந்து நான் சொல்கிற ஒவ்வொரு சொல்லிலும் பாதியைக் கடித்துத் தின்றுவிடும். நான் அந்த அடிகளுக்கு நடுவிலே சொற்களைச் சொருகிச் சொருகிப் பேசக் கற்றுக்கொண்டேன். அதனால் என் பேச்சே இழுத்து இழுத்து, விக்கல் வந்தவள் மாதிரி ஆகிவிட்டது.

மானாம்பதியில்தான் மானம் போனது. மாடுகளுக்குக் கோமாரி ஊசி போடுகிறார்கள், வெள்ளிக்கிழமை காலையில் குளத்தங்கரைக்கு ஓட்டிவாருங்கள் என்று அறிவிக்கச் சொல்லியிருந்தார்கள். தெருத்தெருவாகச் சொல்லிவிட்டு வந்தோம். சில நாள் கழித்து மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் சைக்கிளை வேகமாக மிதித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"இன்னாம்மா சொல்லி வச்சிக்கீற? செவ்வாக்கெயம ஒரு கும்பலு மாட்ட இஸ்துக்கினு வந்து நிக்குது. வியாயக்கெயம இன்னொரு கும்பலு. மருந்து வந்தது வெள்ளிக்கெயம. அன்னைக்குக் குளத்தாண்ட ஒரு கன்னுக்குட்டிகூட இல்ல!"

நான் வெள்ளிக்கிழமை என்றுதான் சொன்னேன். காரும் கூடவே சொல்லியிருக்கிறது. 'வெள்ளி' இன்ஜினுக்குப் போய்விட்டது, 'கிழமை' மட்டும்தான் ஊருக்குப் போயிருக்கிறது. வாரத்தில் எந்த நாளுக்கும் அந்தக் கிழமை பொருந்தும் அல்லவா? அவரவர் தோதுக்கு ஒரு நாளை வைத்துக்கொண்டார்கள். கம்பவுண்டர் போன பிறகு என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு அழுகைதான் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் காஞ்சிபுரத்து ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் உத்திரமேரூர் கடைத்தெருவில் புதிதாகக் கடை திறக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். திறப்பு விழாவுக்கும், பிறகு ஒவ்வொரு பண்டிகைக்கும் ஊர் ஊராக அறிவிப்புச் சொல்ல ஆள் வேண்டும். எங்களைக் கூப்பிட்டுக் கடை வாசலில் காரை ஓட்டியபடியே பேசிக்காட்டச் சொன்னார். நான் பேசினேன். அவர் காதருகே கையைக் குவித்துக்கொண்டு கேட்டார்.

"கொரலு நல்லாதான்மா கீது. காருதான் நெல்லு அரைக்குது" என்றார். கடைக்குப் பெஞ்சு செய்துகொண்டிருந்த ஆசாரிகள் சிரித்துவிட்டார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "சந்தை அன்னைக்கு இதே தெருவுல வாங்க. எனுக்கு உள்ள கல்லாவுல ஒக்காந்துகினு இருக்கசொல்ல ஒவ்வொரு வார்த்தையும் கேக்கணும். கேட்டா வேலை ஒங்களுக்கு. இல்லாட்டி சைக்கிள் ரிக்சாவுல மைக்கு கட்டிக்கினு ஒருத்தரு வராரே, அவருக்குதான்."

மறுநாளே வண்டியைக் காஞ்சிபுரத்துக்கு ஓட்டிப் போனோம். தெரிந்த மெக்கானிக் பானெட்டைத் தூக்கி, ஒரு பீடி குடித்து முடிக்கும் நேரம் சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்டார்.

"பிக் என்ட் போச்சு நைனா" என்றார். பிஸ்டனோடு கிராங்க்கைச் சேர்க்கிற இடத்தில் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். "இன்ஜினக் கீய எறக்கி முழுசா பிரிக்கணும். வேற வழியே இல்ல. சுமை ஏறினா இன்னும் கத்தும் பாரு."

இன்ஜினைப் பிரிப்பதென்றால் காரை மறந்துவிட வேண்டியதுதான். அந்தச் செலவுக்கு எங்களிடம் பணம் இல்லை. என் வீட்டுக்காரர் வண்டியை ஊருக்குத் திருப்பினார். ஆனால் அந்த மெக்கானிக் கடைசியாகச் சொன்ன ஒரு வார்த்தை என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. சுமை ஏறினால் கத்துமா?

அந்தச் சத்தத்தோடு தினமும் மல்லுக்கட்டுகிறவள் நான். அது எப்போது என்னை விடும், எப்போது விடாது என்று எனக்கு மனப்பாடம். தெருமுனையில் மெதுவாகப் போகும்போதுதான் அது என் குரலைத் தின்னும். ஊரைத் தாண்டி, கியர் மாற்றி வேகம் எடுத்துவிட்டால் தேய்ந்துபோகும். கேட்க ஒரு ஆளும் இல்லாத வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவில்தான் என் குரல் கணீரென்று போகும். கொக்குகள் நன்றாகவே கேட்டிருக்கும்.

கார் ஏரிக்கரை மேட்டில் ஏறியது. காதைக் கொடுத்துக் கேட்டேன். இன்ஜின் முக்கியது. ஆனால் அந்த 'டொக்கு' ஏறவில்லை, உண்மையில் குறைந்தது.

"ஏங்க, இது மெதுவா போனாதான் கத்துது. மேடு ஏறசொல்ல கம்முனு கீது."

"நீ மைக்கப் பாரு. இன்ஜின நா பாத்துக்கறேன்."

எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்து சோறு போட்டேன். இரண்டு வாய் சாப்பிட்டவர் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இன்னா சொன்ன நீ? ஏறசொல்ல கத்தலியா?"

"கத்தல."

"நல்லா கேட்டியா?"

"வேற இன்னா வேல எனுக்கு அந்த வண்டில?"

கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். வெயில் உச்சியில் இருந்தது. களத்தில் பிடுங்கிப் போட்ட கடலைச்செடிகள் காய்ந்துகொண்டிருந்தன. புங்கமரத்து நிழலில் காரை நிறுத்திப் பானெட்டைத் திறந்தார். ஆம்ப்ளிஃபயர் பேட்டரியை உறிஞ்சிவிடும் என்பதால் எங்கள் கார் ஹேண்டில் போட்டுச் சுற்றினால்தான் கிளம்பும். சுற்றினார். 'டொக்கு டொக்கு' என்று ஆரம்பித்தது.

"பிக் என்ட்டா இருந்தா, அந்த சிலிண்டருக்கு நெருப்பு போவலன்னா சத்தம் கொறையணும். நா ஒவ்வொரு ஒயரா கயட்டறேன். நீ கேட்டுச் சொல்லு" என்றார்.

ரப்பர் துண்டை வைத்துப் பிடித்துக்கொண்டு முதல் பிளக்கின் ஒயரைக் கழற்றினார். இன்ஜின் நொண்டியது. சத்தம் அப்படியே இருந்தது. மாட்டிவிட்டு அடுத்ததைக் கழற்றினார். அதற்கும் அப்படியே. நான்கும் முடிந்தன.

"எதுக்குமே கொறையலங்க."

"அப்ப பிக் என்ட் இல்ல" என்றார். குரலே மாறிவிட்டது. கட்டைப்பிடி போட்ட நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுத்து என்னிடம் கொடுத்தார். அதன் நுனியை இன்ஜினின் மேல் வைத்து, பிடியைக் காதோரம் ஒட்டி வைத்துக் கேட்க வேண்டும். சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு குனிந்தேன். மேல் மூடியில் வைத்தேன். தையல் மிஷின் சத்தம் மட்டும் பக்கத்தில் கேட்டது. நடுவில் வைத்தேன். 'டொக்கு' எங்கோ தொலைவில், அடுத்த வீட்டில் உரல் இடிக்கிற மாதிரி கேட்டது. முன்பக்கம் நகர்ந்து அடியில் வைத்தேன். காதிலேயே சுத்தியலால் அடித்த மாதிரி விழுந்தது.

"இங்கதாங்க! இங்கதான் கீது!"

அவர் இன்ஜினை நிறுத்தினார். ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு மறுபடி கிளப்பினார். சத்தம் போகவில்லை, ஆனால் குணம் மாறிவிட்டது. முன்பு மந்தமாக இருந்த அடி, இப்போது வெண்கலப் பாத்திரத்தைத் தட்டின மாதிரி கணீர் கணீர் என்றது. உடனே நிறுத்திவிட்டு முன்னால் குந்தி உட்கார்ந்தார். ஃபேன் பெல்ட்டை ஓட்டுகிற அடிச் சக்கரமான புல்லியை இரண்டு கையாலும் பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்தார்.

டக். டக்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். முகமெல்லாம் கிரீஸ்.

"கையக் கொண்டா."

என் கையைப் பிடித்துப் புல்லியின்மேல் வைத்தார். அசைத்தேன். ஆடிய பல்லைப் போல அது என் விரலுக்குள் ஆடியது. அத்தனை பெரிய இன்ஜினில், எங்கள் பிழைப்பைக் கெடுத்தது ஒரு தளர்ந்துபோன நட்டு. ஹேண்டில் போய் மாட்டுகிற நட்டு அதுதான். அது தளர்ந்ததில் புல்லி தன் இடத்தில் நிற்காமல் ஒவ்வொரு சுற்றுக்கும் அடித்துக்கொண்டிருந்தது. மெதுவாக ஓடும்போது நன்றாக அடிக்கும். வேகம் எடுத்தால் ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கும்.

"எறக்கவும் வாணாம் பிரிக்கவும் வாணாம்!" என்று கத்தினார். கடலை காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் கிரீஸ் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தேன்.

ரேடியேட்டரைக் கழற்றிப் புல்லியை வெளியே எடுத்தார். அதைக் கிராங்க் தண்டோடு பிணைத்து நிறுத்துகிற சின்ன இரும்புச் சாவி ஒரு பக்கம் சரிந்து தேய்ந்திருந்தது. பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து லேத் பட்டறையில் அதே அளவுக்குப் புதுசாகச் சாவி செய்து வாங்கிவந்தார். நட்டை முறுக்கும் அளவுக்குப் பெரிய ஸ்பேனர் எங்களிடம் இல்லை. போர்வெல் போடுகிற ஆட்களிடம் ஒன்றை இரவல் வாங்கினார். முறுக்கும்போது இன்ஜின் சுற்றிவிடக் கூடாது. அதற்காக டாப் கியரைப் போட்டுவிட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கச் சொன்னார். நான் சீட்டில் சாய்ந்து இரண்டு காலாலும் மிதித்தேன். அவர் ஸ்பேனரைச் சுத்தியலால் அடித்து அடித்து இறுக்கினார். கார் முழுக்க அதிர்ந்தது. "வுடாத! வுடாத!" என்று கீழிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. நான் இன்னும் அழுத்திச் சாய்ந்துகொண்டேன். விடவில்லை.

பிறகு மேல் மூடியைத் திறந்து, வால்வுகளைத் தட்டித் திறக்கிற டாப்பெட்டுகளைப் பார்த்தார். தையல் மிஷின் சத்தம் அங்கிருந்துதான். லாரி ஓட்டிய காலத்தில் வாங்கிய, இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகள் அவர் பெட்டியில் இருந்தன. அவற்றை இடுக்கில் விட்டு, இழுத்தால் லேசாகப் பிடிக்கிற அளவுக்கு ஒவ்வொன்றையும் திருகி வைத்தார். வெயில் சாய்வதற்குள் எல்லாவற்றையும் மாட்டி, தண்ணீர் ஊற்றி, ஹேண்டிலைச் செருகினார். நான் ஸ்க்ரூ டிரைவரோடு பக்கத்தில் நின்றேன்.

ஒரே சுற்று. உஸ் என்று ஏதோ கேட்டது. அவர் ஹேண்டிலை உருவிக்கொண்டு நிமிர்ந்தார்.

"இன்னொரு சுத்து சுத்துங்க, கிளம்பல" என்றேன்.

அவர் பானெட்டுக்குள் ஃபேனைக் காட்டினார். அது சுற்றிக்கொண்டிருந்தது.

ஸ்க்ரூ டிரைவரை வைத்துப் பார்க்கவே தோன்றவில்லை. உள்ளங்கையை இன்ஜின் மூடிமேல் வைத்தேன். தூங்குகிற மாட்டின் வயிற்றைப் போல மெல்ல ஏறி இறங்குகிற அதிர்வு மட்டும் இருந்தது. களத்துப் பெண் ஒருத்தி, "இன்னாடி, காரு செத்துப் போச்சா?" என்றாள்.

"இல்லக்கா. இப்பதான் உயிரு வந்துகீது" என்றேன்.

சந்தை அன்று உத்திரமேரூர் கடைத்தெருவில் கால் வைக்க இடமில்லை. தாம்புக்கயிறு, மண்வெட்டி, கருவாடு, ரிப்பன், எல்லாவற்றுக்கும் நடுவே எங்கள் கார் ஊர்ந்தது. ரிக்சாக்காரரும் எதிர்ப்பக்கம் மைக்கோடு தயாராக நின்றிருந்தார். மைக்கை வாயருகே கொண்டுபோனேன். வழக்கம்போல அடுத்த அடிக்காகக் காத்திருந்தேன். அடி விழவில்லை. தெரு முழுக்க என்னுடையதாக இருந்தது.

"அன்பான பெரியோர்களே, தாய்மார்களே..."

என் குரல் பெருமாள் கோயில் மதில் வரை போய்த் திரும்பி வந்தது எனக்கே கேட்டது. சர்ச்சில் வாசிக்கிற மாதிரி நிறுத்தி, நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் முழுசாகச் சொன்னேன். பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நின்றார்கள். ஒரு கிழவர், ஏதோ ரேடியோ பெட்டியைக் காரில் வைத்துக்கொண்டு போகிறார்கள் என்று நினைத்து, ஜன்னலுக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "அட, நம்ம பொண்ணு!" என்றார். ஜவுளிக்கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வாசலுக்கு வந்தார். காதருகே கையைக் குவிக்கவில்லை. இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார்.

ரிக்சாக்காரர் தன் மைக்கை இறக்கிவிட்டுக் காரருகே வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். பானெட்டைத் தட்டிப் பார்த்தவர், என் வீட்டுக்காரரிடம், "இன்னா நைனா பண்ண இத்த?" என்று கேட்டார்.

"நா ஒண்ணியும் பண்ணல. அதோ, அவங்களதான் கேளு" என்றார் அவர், என்னைக் காட்டி. கடைத்தெரு நடுவில், அத்தனை பேருக்கு முன்னால். அந்த 'அவங்க' போதும் எனக்கு.

அன்று மாலை வேலை முடிந்து ஏரிக்கரை வழியாக வீட்டுக்குத் திரும்பினோம். மைக்கை அணைத்திருந்தேன். தண்ணீர் கரையைத் தொட்டு நின்றது. கொஞ்ச தூரம் போனதும் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒண்ணு சொல்லட்டா? நீ மைக்குல இன்னா பேசறன்னு எனுக்கு இத்தினி நாளா ஒண்ணுமே தெரியாது. இன்ஜின்தான் காதுல வியும். இன்னைக்குதான் முழுசா கேட்டேன்."

"எப்பிடி கீது?"

"வண்டிய நிறுத்திட்டு நின்னு கேக்கலாம்னு இருந்துச்சு" என்றார். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு, "இன்னொரு தபா சொல்லேன்" என்றார்.

நான் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, மைக் இல்லாமலே, அவர் ஒருவருக்காக முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.